கடைசி வரிசைக் கைத்தட்டல்

எடிட்டிங் அறையிலிருந்து வாசகர்களுக்குப் பதில். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ரசிகர்களையே சேர்த்துக்கொண்டு பாடல் வீடியோ எடுப்பதைப் பற்றி.

கேள்வி: எங்கள் இசைக்குழுவின் புதுப் பாட்டுக்கு 500 ரசிகர்களை மைதானத்தில் கூட்டி, மேடை ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுப் படம் எடுத்தோம். எடிட்டில் பார்த்தால் பின்னால் நிற்பவர்களின் கைத்தட்டல் தாளத்தோடு ஒட்டவே இல்லை. அவர்களுக்குத் தாளம் தெரியவில்லையா, சார்?

பதில்: பாவம், அவர்கள் மேல் பழி போடாதீர்கள். காதில் கேட்ட தாளத்துக்குச் சரியாகத்தான் தட்டியிருப்பார்கள். அது காதுக்கு வந்து சேர்ந்ததே தாமதமாகத்தான். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு ஏறத்தாழ 0.15 விநாடி கழித்துக் கேட்கும். விநாடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் அது மூன்றரை ஃபிரேம். கைத்தட்டலில் ஒரு ஃபிரேம் தப்பினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மூன்று தப்பினால் பாட்டி கூடக் கண்டுபிடிப்பார்.

நான் பட்டுத்தான் இதைக் கற்றேன். வேலைக்கு வந்த புதிதில், கிரேனில் கேமராவை ஏற்றி முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே வீச்சில் எடுத்த ஷாட் ஒன்று என் மேசைக்கு வந்தது. பின்வரிசைக்காகப் படத்தை நகர்த்தினால் பாடகரின் வாய் இடறியது. வாயைச் சரிசெய்தால் பின்வரிசை இடறியது. இரண்டு ராத்திரி உருட்டிவிட்டு ஷாட்டையே தூக்கிப் போட்டேன். இயக்குநர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உங்களிடம் பின்வரிசை மட்டும் தெரியும் ஷாட்கள் இருந்தால் தப்பித்தீர்கள். அவற்றைத் தனியாக மூன்று ஃபிரேம் முன்னே இழுத்துவிடுங்கள். அடுத்த முறை மேடையில் சத்தத்தைக் குறைத்து, கூட்டத்துக்கு நடுவே சின்னச் சின்ன ஸ்பீக்கர்களாக வையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். கச்சேரிகளில் பின்னால் வைக்கும் ஸ்பீக்கரை ஒலி அமைப்பாளர்கள் வேண்டுமென்றே சற்றுத் தாமதப்படுத்துவார்கள், மேடைச் சத்தத்தோடு சேர்ந்து கேட்பதற்காக. படப்பிடிப்பில் அந்தத் தாமதமே கூடாது. முன்கூட்டியே சொல்லாவிட்டால் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: ரசிகர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் எல்லோரையும் இணைத்து, ஒன்றாகப் பாடவைத்து அப்படியே பதிவு செய்யலாமா?

பதில்: ஆசையாகத்தான் இருக்கும், நடக்காது. அழைப்பில் ஒவ்வொருவரின் இணைப்புக்கும் ஒரு தாமதம், அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அழைப்பை உற்சாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பதிவை அவரவர் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். பாட்டை வேறொரு கருவியில் போட்டு இயர்போனில் கேட்கட்டும். பாட்டுக்கு முன்னால் மூன்று ‘பீப்’ சேர்த்து அனுப்புங்கள். மூன்றாவது பீப்புக்கு அவர்கள் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உங்கள் எடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

சவர் என்ற ஜப்பானிய இசைக்குழு 2009லேயே ரசிகர்கள் வெப்கேமில் எடுத்த காட்சிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கி ஒரு வீடியோ செய்தது. ஒவ்வொருவருக்கும் கிடைத்தது சின்ன வேலைதான். நீங்களும் முழுப் பாட்டையும் எல்லோரிடமும் கேட்காதீர்கள். ஒருவருக்கு ஒரு வரி.

அப்புறம், மெசேஜ் செயலியில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் படம் நசுங்கி வரும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பல போன்கள் வெளிச்சத்தைப் பார்த்து ஃபிரேம் வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். பல்லவியில் பொருந்திய உதடு இரண்டாம் சரணத்தில் விலகினால் காரணம் அதுவாக இருக்கலாம். எடிட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கேமரா திரும்பினாலே எல்லோரும் போனைத் தூக்கிவிடுகிறார்கள். முகமே தெரியவில்லை.

பதில்: முதல் டேக்கை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்: “இதில் நீங்கள் எடுங்கள், அடுத்ததில் நாங்கள்.” பாதிப் பேராவது அடுத்த டேக்கில் போனைப் பையில் வைத்துவிடுவார்கள். அவர்கள் எடுத்ததையும் வாங்கி வையுங்கள். 2004ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பீஸ்டி பாய்ஸ் குழுவினர் 50 ரசிகர்கள் கையில் கேமராவைக் கொடுத்து ஒரு கச்சேரிப் படத்தையே எடுத்தார்கள். கூட்டத்துக்குள் நிற்பவன் பார்க்கும் கோணம் எந்தக் கிரேனுக்கும் கிடைக்காது. (கிரேன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.)

கேள்வி: வந்தவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டுமா? ஆசைப்பட்டுத்தானே வருகிறார்கள்?

பதில்: வாங்க வேண்டும், அதுவும் உள்ளே வரும்போதே. சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. பாட்டு கேட்க வேண்டும், முகம் வரக்கூடாது என்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் கையில் வேறு நிறப் பட்டை கட்டி, கேமரா திரும்பாத பக்கம் நிறுத்துங்கள். படப்பிடிப்பு முடிந்தபின் ஒரு முகத்தைத் தேடி மறைப்பது எடிட்டருக்குச் சாபம்.

கேள்வி: ஸ்லோ மோஷனில் கூட்டம் பாடுவது போல வேண்டும். உதடு பொருந்துமா?

பதில்: பொருந்தும். விநாடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24ல் ஓட்டுவதாக இருந்தால், படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போடுங்கள். பாடகரின் குரல் அணில் மாதிரி கீச்சிடும், முதல் டேக் முழுக்கச் சிரிப்புதான். கேமராவை நிறுத்தாதீர்கள், அந்தச் சிரிப்பு மெதுவாக ஓடும்போது ரொம்ப அழகாக இருக்கும்.