சிலம்பம் கற்ற பையன் ஃபுல் காண்டாக்ட் போட்டியில் தாங்குவானா?

மகன் ஏழு வருடமாகச் சிலம்பம் சுற்றுகிறான், முழு பலத்தோடு அடிக்கும் ஃபுல் காண்டாக்ட் கிக்பாக்சிங் போட்டிக்கு நேராக அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக வேண்டாம். ஆறு மாதமாவது அடி வாங்கிப் பழகட்டும்.

நான் காவேரிப்பட்டணத்தில் எட்டாவது படிக்கும்போது கம்பு எடுத்தவன். எடுத்தவன் என்ன, முதல் மூன்று மாதம் வாத்தியார் கம்பையே கையில் தரவில்லை. மாந்தோப்பு ஓரத்தில் விடியற்காலையில் வெறும் காலடி. அப்புறம்தான் வீச்சு, குத்துவரிசை எல்லாம். மாரியம்மன் திருவிழாவில் இரட்டைக் கம்பு சுற்றி விசில் வாங்கிய தெம்பில், ஓசூருக்கு வேலைக்குப் போனதும் ஒரு கிக்பாக்சிங் ஜிம்மில் சேர்ந்தேன்.

முதல் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிரே என்னைவிட ஒல்லியான பையன். அவன் இடது கை மூக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, கண்ணை மூடிவிட்டேன். கண்ணை மூடிய அதே நொடியில் அடுத்த குத்தும் வந்தது. நான் ஆடிய சிலம்பப் போட்டிகளில் கம்பு பட்டால் புள்ளி. இங்கே பட்ட பிறகுதான் ஆட்டமே. இரண்டு நிமிட ரவுண்டில் பாதிக்குள் இரைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

ஆனால் காலடி வீண்போகவில்லை. கண் மூடும் பழக்கம் விட்டதும், குத்து வரும்போது பக்கவாட்டில் விலகுவது தானாக வந்தது. "இதை யாருப்பா சொல்லிக் கொடுத்தா?" என்றார் கோச். தூரக் கணக்குதான் கடைசிவரை தகராறு: கம்பு நீளத்துக்குப் பழகிய கண், கை நீளத்துக்கு இறங்க நாளாகிறது.

ஆகவே எந்தக் கலை என்பதைவிட, பயிற்சியில் எதிராளி நிஜமாகவே எதிர்க்கிறானா என்று பாருங்கள். 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஆபத்தான பிடிகளை ஒதுக்கிவிட்டு, மற்றதை முழு பலத்தோடு எதிர்ப்பவனிடம் செய்து பார்க்க வைத்தார். கியோகுஷின் கராத்தேயில் கையுறை இல்லாமலே உடம்பில் குத்துவார்கள், முகத்தில் கையால் குத்தக் கூடாது. அதனால் உடம்பு இரும்பு. குத்துச்சண்டைக்கு வந்தால் முகத்துக்குக் காவல் இருக்காது. ஷோட்டோகான் கராத்தேயில் வளர்ந்த லியோட்டோ மச்சிடா 2009-ல் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் பட்டம் வென்றார், உண்மைதான். ஆனால் அவர் மல்யுத்தமும், தரையில் பிடித்து மடக்கும் ஜியு-ஜிட்சுவும் சேர்த்துக் கற்றவர்.

பையனைச் சேர்க்கும் அன்றே பல்லையும் உதட்டையும் காக்கும் மௌத்கார்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நான் அது இல்லாமல் போய் உதடு கிழிந்து, ஒரு வாரம் களியை ஆறவைத்து, குழம்பில்லாமல் மோரில் கரைத்துத்தான் குடித்தேன்.