இண்ட் ஏஎஸ் கணக்குக்கு மாறும் நிறுவனங்கள்: கேள்வி பதில்

பழைய கணக்கியல் தரநிலைகளை விட்டு, இண்ட் ஏஎஸ் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இந்தியக் கணக்கியல் தரநிலைகளுக்கு மாறுவது குறித்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரிய நிறுவனங்கள் 2016-லும் 2017-லும் மாறிவிட்டன. இப்போது மாறுகிறவற்றில் பல, வளர்ந்து, நிகர மதிப்பில் (சுருக்கமாக, பங்கு மூலதனமும் சேர்ந்த இலாபமும்) 250 கோடி ரூபாய் என்ற வரம்பைத் தொட்ட நடுத்தர நிறுவனங்கள். கணக்குப் பிரிவில் நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டியவை. அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது, பம்பு உதிரிபாகங்கள் தயாரிக்கிறோம். 2025 மார்ச் 31 அன்று நிகர மதிப்பு முதன்முறையாக 250 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. எப்போதிலிருந்து மாற வேண்டும்? (கணக்கு மேலாளர், கோயம்புத்தூர்)

பதில்: 2025-26 நிதியாண்டிலிருந்து மாற வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகம் 2015 பிப்ரவரி 16 அன்று அறிவித்த விதிகளின்படி, ஓர் ஆண்டின் முடிவில் வரம்பை முதன்முறையாக எட்டும் நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே இண்ட் ஏஎஸ் கணக்கைத் தொடங்கியாக வேண்டும். ஒப்பீட்டுக்காகத் தரப்படும் 2024-25 எண்களும் அதே முறையில் இருக்க வேண்டும் என்பதால், உங்கள் மாற்றத் தேதி 2024 ஏப்ரல் 1 ஆகிறது. வரம்பைத் தாண்டியது உங்களுக்குத் தெரிய வருவதற்கு ஓராண்டு முன்னதாகவே அந்தத் தேதி கடந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். முதல் ஆண்டு அறிக்கையில் 2024 ஏப்ரல் 1, 2025 மார்ச் 31, 2026 மார்ச் 31 என்று மூன்று தேதிகளுக்கான இருப்புநிலைக் குறிப்புகள் இடம்பெறும்.

கடந்துபோன தேதிக்குத் திரும்பிச் சென்று கணக்கெழுதும்போது, பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் கொண்டுபோய் வைக்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் நொடித்துப்போன ஒரு வாடிக்கையாளரின் பாக்கியை, ஏப்ரல் 1 அன்று அதற்கான அறிகுறி எதுவும் இல்லாதிருந்தும், அன்றே வராக்கடன் என்று காட்டுவதை, முதன்முறை மாறுவது குறித்த தரநிலை 101 தடுக்கிறது. அன்றைய நிலவரப்படி எது நியாயமான மதிப்பீடோ அதுதான் நிற்கும்.

வேலையில் இறங்குவதற்கு முன் நிகர மதிப்பை மறுபடி ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 2(57) பிரிவு, சொத்து மறுமதிப்பீட்டால் உண்டான காப்பு நிதியைச் சேர்க்க அனுமதிப்பதில்லை. நிலத்தை மறுமதிப்பீடு செய்திருக்கும் நிறுவனங்கள் வரம்பைத் தாண்டாமலேயே தாண்டிவிட்டதாக எண்ணிக்கொள்வது உண்டு.

கேள்வி: அடுத்த ஆண்டே நட்டம் வந்து நிகர மதிப்பு 250 கோடிக்குக் கீழே போனால் பழைய முறைக்குத் திரும்பலாமா? (இயக்குநர், ஈரோடு)

பதில்: திரும்ப முடியாது. கட்டாயத்தால் மாறினாலும் விரும்பி மாறினாலும், ஒருமுறை மாறிய நிறுவனம் தொடர்ந்து அதே முறையில்தான் கணக்குத் தர வேண்டும். உங்களுக்குத் துணை நிறுவனம் ஏதேனும் இருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உங்களோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதையும் இப்போதே கவனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: வேலையை எங்கிருந்து தொடங்குவது? மென்பொருள் விற்பவர் ஒருவர், அவருடைய தொகுப்பை நிறுவினால் எல்லாம் தானாகவே வந்துவிடும் என்கிறார். (நிதி அலுவலர், ஓசூர்)

பதில்: ஒப்பந்தக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். மென்பொருள் வட்டியைக் கணக்கிட்டுத் தரும். உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் இயந்திரத்தோடு சேர்த்து இரண்டு ஆண்டு இலவசப் பராமரிப்பும் தருவதாக எழுதியிருக்கிறதா என்பதை அது படித்துச் சொல்லாது. அப்படி எழுதியிருந்தால், விற்பனை வருவாய் குறித்த தரநிலை 115-இன்படி, பராமரிப்புக்கு உரிய பங்கைத் தனியே பிரித்து, அந்த இரண்டு ஆண்டுகளில் பரவலாக வருவாயாகக் காட்ட வேண்டியிருக்கலாம்.

நிறுவனச் செயலாளர், கொள்முதல் பிரிவு, விற்பனைப் பிரிவு, மனிதவளப் பிரிவு ஆகிய ஒவ்வோர் இடத்திலும் உள்ள ஒப்பந்தங்களை ஒரே அறையில் கொண்டுவந்து வையுங்கள். வங்கிக் கடன் கடிதத்தில் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, கட்டடத்துக்குக் கொடுத்த வட்டியில்லா டெபாசிட் எவ்வளவு, குடும்ப உறுப்பினர்களுக்கு வழங்கிய முன்னுரிமைப் பங்குகள் எந்த ஆண்டில் திருப்பித் தரத்தக்கவை என்று பட்டியலிடுங்கள். குறித்த தேதியில் பணமாகத் திருப்பித் தரக் கட்டுப்பட்ட முன்னுரிமைப் பங்கு, பெயரில் பங்காக இருந்தாலும், புதிய முறையில் பொதுவாகக் கடனாகவே காட்டப்படும். அதற்குக் கட்டாயமாகத் தர வேண்டிய பங்காதாயமும் (டிவிடெண்ட்) வட்டிச் செலவாகிவிடும். இந்த ஒரு மாற்றமே கடன் விகிதத்தைப் புரட்டிப்போட்ட நிறுவனங்கள் உண்டு.

கேள்வி: எங்களிடம் ஒரு கிடங்கு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வாடகைக்கு இருக்கிறது. இன்னும் ஐந்து ஆண்டுகள் ஒப்பந்தம் உள்ளது. வாடகையைக் கொடுக்கும்போது செலவு எழுதினால் போதாதா? (கணக்காளர், திருப்பூர்)

பதில்: குத்தகை குறித்து 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள தரநிலை 116-இன்படி அது போதாது. கிடங்கை ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தும் உரிமை ஒரு சொத்து; வாடகையைத் தொடர்ந்து தர வேண்டிய கடமை ஒரு கடன். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். வாடகை ஆண்டு முடிவில் தரப்படுவதாகவும், நீங்கள் கடன் வாங்கக்கூடிய வட்டி வீதம் 10 சதவீதம் என்றும் வைத்தால், ஐந்து தவணைகளின் இன்றைய மதிப்பு, அதாவது இனி தரப்போகும் தொகைகளிலிருந்து அதுவரைக்கான வட்டியைக் கழித்தால் வருவது, சுமார் 45.49 லட்சம். மாற்றத் தேதியில் இந்தத் தொகையைச் சொத்தாகவும் கடனாகவும் எழுதிக்கொள்ள முதன்முறை மாறுகிறவர்களுக்கு அனுமதி உண்டு.

முதல் ஆண்டில் வட்டி 4.55 லட்சம், தேய்மானம் 9.10 லட்சம், மொத்தம் 13.65 லட்சம் செலவாகும். ஐந்தாம் ஆண்டில் வட்டி 1.09 லட்சமாகக் குறைந்துவிடுவதால் செலவு 10.19 லட்சம்தான். ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் அதே 60 லட்சம் வரும். ஆனால் வாடகை என்ற தலைப்பு மறைந்து தேய்மானமும் வட்டியும் வருவதால், வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய இலாபம் கூடிவிடும். இருப்புநிலைக் குறிப்பில் கடனும் கூடிவிடும். வங்கியோடு செய்த கடன் ஒப்பந்தத்தில் கடன் விகிதத்துக்கு வரம்பு இருந்தால், கணக்கு வெளிவருவதற்கு முன்பே வங்கி மேலாளரிடம் போய்ப் பேசிவிடுங்கள். அறிக்கையைப் பார்த்து அவராகக் கேட்கும்போது விளக்கம் சொல்வது கடினம்.

நம் ஊரில் வழக்கமான பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட குத்தகைக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் தாளில் பதினொரு மாதம் என்று எழுதியிருப்பதாலேயே அந்த விலக்கு கிடைத்துவிடாது. புதுப்பிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, வெளியேறினால் உங்களுக்கு என்ன இழப்பு, தளம் போட்டுப் பொருத்திய இயந்திரங்களைக் கழற்றி மாற்ற எவ்வளவு ஆகும் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து, எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: தொழிற்சாலை நிலம் 1980-களில் வாங்கியது. இன்றைய சந்தை விலையில் காட்டலாமா? இயந்திரங்களைப் பழைய மதிப்பிலேயே விட்டுவிட விரும்புகிறோம். அப்படிக் கூடும் இலாபத்திலிருந்து பங்காதாயம் தரலாமா? (இயக்குநர், சேலம்)

பதில்: மாற்றத் தேதியன்று இருந்த நியாய மதிப்பை, அதாவது அன்று சந்தையில் விற்றால் கிடைத்திருக்கும் விலையை, நிலத்துக்கு உரிய அடக்கவிலையாக ஏற்றுக்கொள்ளலாம், அதை உருப்படி வாரியாகத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. ஆனால் பழைய புத்தக மதிப்பையே தொடரலாம் என்று இந்தியத் தரநிலையில் சேர்க்கப்பட்டுள்ள சலுகையை எடுத்தால், நிலம், கட்டடம், இயந்திரம் என எல்லா நிலைச் சொத்துகளுக்கும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். எனவே நிலத்துக்கு நியாய மதிப்பு, இயந்திரங்களுக்கு அந்தச் சலுகை என்று கலக்க முடியாது. நிலத்துக்கு நியாய மதிப்பை வைத்தால், இயந்திரங்களின் மதிப்பைப் புதிய தரநிலையின்படி வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு வர வேண்டும், அல்லது அவற்றுக்கும் நியாய மதிப்பு பெற வேண்டும். பழைய கோப்புகள் முழுமையாக இல்லாத நிறுவனத்துக்கு நான் புத்தக மதிப்பைத் தொடரும்படியே சொல்வேன்.

பங்காதாயம் தர முடியாது. கையில் வராத இத்தகைய மதிப்பு உயர்வைப் பங்காதாயத்துக்கு உரிய இலாபத்திலிருந்து விலக்கும்படி கம்பெனிகள் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்கிறது.

கேள்வி: எங்கள் கிடங்கில் பல ஆண்டுகளாக நகராத சரக்கு இருக்கிறது. முன்பே மதிப்பைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. இப்போது மாற்றத்தோடு சேர்த்து அதைச் சரிசெய்துவிடலாம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். சரியா? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன். சரிசெய்ய வேண்டும் என்பது சரி. மாற்றத்தின் பெயரில் சரிசெய்வதுதான் தவறு. பழைய முறையிலும் சரக்கை அடக்கவிலை, விற்றுப் பெறக்கூடிய விலை ஆகிய இரண்டில் குறைந்ததில்தான் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே அது தரநிலை மாறியதால் வந்த வேறுபாடு ஆகாது. முன்பு செய்த பிழை.

பழைய கணக்கின் பங்குதாரர் நிதி புதிய கணக்கில் எப்படி மாறியது என்று காட்டும் சமன்பாட்டு அட்டவணையை முதல் அறிக்கையில் தர வேண்டும். முந்தைய பிழை ஏதேனும் தெரிய வந்தால், அதன் திருத்தத்தைக் கொள்கை மாற்றத்தோடு கலக்காமல் அந்த அட்டவணையில் பிரித்துக் காட்ட வேண்டும் என்று தரநிலை 101 வெளிப்படையாகவே கேட்கிறது.

நான் இளநிலைக் கணக்காளனாக இருந்த ஒரு நிறுவனத்தில், இதே போன்ற சரக்குக் குறைப்பை "இதர மாற்றச் சரிக்கட்டல்கள்" என்ற ஒரே வரியில் புதைத்தோம். கையெழுத்துப் போடும் இடத்தில் நான் இல்லை. ஆனால் அந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தது நான்தான். அடுத்த ஆண்டு வந்த புதிய தணிக்கையாளர் அந்த வரியில் என்னென்ன தொகைகள் அடங்கியிருக்கின்றன என்று கேட்டார். கிடங்குப் பதிவேட்டில் இருந்த தேதிகளே எங்களுக்கு எதிராகப் பேசின. அன்றைய கூட்டத்தில் யாரும் தலைநிமிரவில்லை.

ஆகவே உங்கள் மேலிடத்தில் இதை எழுத்திலேயே சொல்லுங்கள். சரக்கின் வகை, கடைசியாக வெளியே போன தேதி, அடக்கவிலை, இன்று கிடைக்கக்கூடிய விலை என்று ஒரு பக்கத்தில் பட்டியல் தயாரித்து, தணிக்கையாளர் கேட்பதற்கு முன்பே அவரிடம் கொடுக்கும்படி கேளுங்கள். அட்டவணையில் "முந்தைய ஆண்டுப் பிழைத் திருத்தம்: சரக்கு இருப்பு" என்று தனி வரி இருக்கட்டும், அதன் கீழே, பிழை எந்த ஆண்டுகளுக்கு உரியது என்று இரண்டு வாக்கியம் போதும்.