விலங்கறை கேள்வி–பதில்: மழைக்காலமும் ஜெர்பிலும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஆய்வகங்களில் வளர்க்கும் எலி போன்ற சிறு விலங்கான மங்கோலிய ஜெர்பிலைப் பற்றியவை. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்தும் தென்கேரள எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லை ஊர்களிலிருந்தும் வந்தவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மருந்தியல் கல்லூரி ஒன்றின் விலங்கறையில் வேலை பார்க்கிறேன். ஜூன் பிறந்ததிலிருந்து எங்கள் ஜெர்பில்களுக்கு மூக்கைச் சுற்றி முடி கொட்டி, ரத்தம் காய்ந்தது போல் ஏதோ ஒட்டியிருக்கிறது. சண்டைக் காயம் என்று நினைத்துத் தனித்தனியாகப் பிரித்தும் குறையவில்லை. ஏசி இரவு பகலாக ஓடுகிறது. என்ன செய்யலாம்?
— ஆய்வக உதவியாளர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒட்டியிருப்பது பெரும்பாலும் ரத்தம் அல்ல. ஜெர்பிலின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு. போர்ஃபிரின் என்ற செந்நிறமி கலந்த அதன் கசிவு மூக்கு வழியாக வெளியே வரும். விலங்கு அதை எச்சிலோடு குழைத்து முகத்திலும் முடியிலும் தடவிக்கொள்ளும். பிறகு மணலில் புரண்டு உதறிவிடும். சந்தேகம் இருந்தால் அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். ரத்தமானால் கருத்துத் தெரியும். கசிவானால் செம்மையாக ஒளிரும்.

மங்கோலிய ஜெர்பில் வறண்ட புல்வெளியிலும் அரைப்பாலையிலும் வாழும் பிராணி. அதற்கு 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். அதற்கு மேல் போனால் முடி எண்ணெய் வைத்தது போல் பிசுபிசுத்துத் திரிதிரியாக நிற்கும். கசிவு உதிராமல் மூக்கோரத்திலேயே தங்கும், அரிக்கும், விலங்கு பிறாண்டும், அந்தப் புண்ணில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா புகுந்துகொள்ளும். நீங்கள் பார்ப்பது இந்தக் கடைசிக் கட்டத்தை.

ஏசி ஓடியும் ஏன் இப்படி என்றால், ஏசி குறிவைப்பது வெப்பத்தை மட்டும்தான். மழை நாளில் வெளிக்காற்று 27 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 22 டிகிரிக்குக் குளிர்விக்கும் முன்பே ஈரம் 100ஐத் தொட்டுவிடும். காயிலில் கொஞ்சம் நீர் திரண்டு வடியும், அவ்வளவுதான். அறைக்கு மிஞ்சிய பெரிய ஏசி என்றால் இன்னும் மோசம். சீக்கிரமே குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். விசிறி மட்டும் சுற்றி, காயிலில் திரண்ட நீரை மறுபடி அறைக்கே ஆவியாக அனுப்பும். இது தெரியாமல் 20, 18 என்று இறக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அறை சில்லென்று ஆகும், மூக்கு ஆறாது.

ஈரம் உறிஞ்சத் தனியாக டீஹியூமிடிஃபையர் வையுங்கள். அது வெளிவிடும் சூட்டை ஏசி எடுத்துக்கொள்ளட்டும்; அறை 22–24 டிகிரியில் நிற்கட்டும். அதன் தண்ணீரை வாளியில் பிடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாளி நிரம்பி இயந்திரம் நின்றிருக்கும், திங்கட்கிழமைதான் தெரியவரும். குழாய் போட்டு நேரே வடிகாலுக்கு விடுங்கள். ஈரம் வருகிறதே என்று வெளிக்காற்று வழியை அடைத்துவிடாதீர்கள். மணிக்கு 12 முதல் 15 முறை காற்று மாற வேண்டும், இல்லையென்றால் அம்மோனியா ஏறும். அறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை மழைக்காலத்தில் விட்டுவிட்டு, பிழிந்த மாப்பால் துடையுங்கள். கழுவிய கூண்டு நன்றாக உலர்ந்த பிறகே படுக்கைக்கான உமியைப் போடுங்கள்.

ஈரப்பத அளவுமானியை நம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி 7 குறைத்துச் சொல்கிறது என்று பொருள். சோதித்த மானியைச் சுவரில் மாட்டாமல் கூண்டுத் தட்டிலேயே வையுங்கள். வடிதாள் மூடி போட்ட கூண்டானால் உள்ளே ஈரம் அறையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்து மணல். வாரத்தில் சில நாள், அரை மணி நேரம், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் 2 செ.மீ. ஆழத்துக்கு மணல் வையுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. எம்-சாண்ட் வேண்டாம், முனை கூர்மை. மென்மணலை இருமுறை சலித்துத் தூசியை நீக்கி, சூட்டடுப்பில் 160 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துப் பயன்படுத்துங்கள். பாலக்காட்டில் உமிக்குப் பஞ்சமில்லை, ஆனால் தனி உமி மூக்கால் தோண்டும் பிராணிக்குச் சொரசொரப்பு. சோளத்தக்கைத் துகளோ காகிதக் கீற்றோ சரிபாதி கலந்து போடுங்கள். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரியில் எடுத்த உமியைச் சூடாகவே மூட்டை கட்டினால் உள்ளே வியர்க்கும். பரப்பி உலர்த்திய பின் கட்டுங்கள்.

புண் ஆறாதவற்றுக்குக் கால்நடை மருத்துவர் கல்ச்சர் பார்த்து (புண்ணின் கிருமியை வளர்த்துச் சோதித்து) மருந்து சொல்வார். ஈரத்தைக் குறைக்காமல் களிம்பு மட்டும் தடவினால் அடுத்த வாரமே திரும்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பிரித்து வைத்தவற்றை அப்படியே ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். பழைய கூட்டாளியையே அந்நியன் என்று கடித்துக் கொன்றுவிடும். ஒரே கூண்டை நடுவில் கம்பி வலையால் பிரித்து, இரு பக்கமும் ஒவ்வொன்றை விட்டு, தினமும் பக்கம் மாற்றி ஒரு வாரம் பழக்குங்கள். வலையோரமாக அடுத்தடுத்துப் படுத்துத் தூங்க ஆரம்பித்த பிறகு வலையை எடுக்கலாம். முதல் அரை நாள் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

கேள்வி: எலியைத் தூக்குவது போல வாலைப் பிடித்துத் தூக்கினேன். வால் தோல் அப்படியே உருவிக்கொண்டு கையில் வந்துவிட்டது. திரும்ப வளருமா?
— ஆராய்ச்சி மாணவி, சத்தியவேடு

பதில்: வளராது. தோல் போன பகுதி காய்ந்து செத்துவிடும். கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்து, தோல் நல்லபடியாக இருக்கும் இடத்தில் வெட்டித் தைப்பதே சரி. வலி குறைய மருந்தும் கேட்டு வாங்குங்கள். எதிரி வாலைப் பிடித்தால் தோலை விட்டுவிட்டுத் தப்பிக்கும் பிறவி அது. அதனால் நுனியையும் நடுவையும் தொடவே கூடாது.

கூண்டு மாற்றும்போது இரண்டு கையையும் குவித்து அள்ளுங்கள், அல்லது ஒரு குழாயை வைத்து அதற்குள் தானே ஏறட்டும் என்று விடுங்கள். ஊசி போடும்போது மட்டும் வாலின் அடியை, உடம்போடு ஒட்டிய இடத்தில், இரு விரலால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிடரித் தோலைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மல்லாக்கப் போட்டால் எந்த ஜெர்பிலும் திமிறும். ரத்தம் எடுக்கவும் வால் வேண்டாம், பின்னங்காலின் சஃபீனஸ் சிரை இருக்கிறது. 70 கிராம் விலங்கின் உடம்பில் மொத்தமே ஐந்தரை மி.லி. அளவுதான் ரத்தம். ஒரே தடவையில் அரை மி.லி.க்கு மேல் எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் யானைக்கால் புழு ஏற்றிய ஜெர்பில்கள் இருக்கின்றன. நான் கூண்டு கழுவுகிறவன். எனக்கும் யானைக்கால் வந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எலியை விட்டுவிட்டு இதில் ஏன் செய்கிறார்கள்?
— விலங்கறைப் பணியாளர், பாறசாலை

பதில்: கூண்டு கழுவுவதால் வராது, வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள். புழுவின் சிறு குஞ்சு கொசுவின் உடம்பில் வளர்ந்து மூன்றாம் நிலைக்கு வந்த பிறகுதான் மனிதரில் தொற்றும். ஜெர்பிலின் மூத்திரம், புழுக்கை, உமி எதிலும் அந்த நிலை இல்லை. கவனம் வேண்டியவர் மூன்றாம் நிலைப் புழுவை ஊசியில் ஏற்றிச் செலுத்துகிறவர். அவர் ஊசி குத்திக்கொள்ளக் கூடாது. அறைக்குக் கொசுவலை கட்டாயம். உங்களுக்கு உண்மையான தொல்லை கடியும் தூசி ஒவ்வாமையும்தான். கையுறை, முகக்கவசம் போதும்.

கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் வெகுகாலம் இருந்துவந்தது புரூகியா மலாயி என்ற வகை. ஆகாயத்தாமரை வேரில் ஒட்டி வளரும் மான்சோனியா கொசு அதைப் பரப்பியது. சாதாரண சுண்டெலியின் உடம்பில் அந்தப் புழு முழு வளர்ச்சி அடையாது. ஜெர்பிலின் வயிற்றறையில் செலுத்தினால் அங்கேயே வளர்ந்து, சுமார் மூன்று மாதத்தில் குஞ்சு விடத் தொடங்கும். மருந்தைச் சோதிக்கத் தேவையான புழு வயிற்றைக் கழுவினாலே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: ஜோடி போட்டால் சண்டை. ஈன்ற குட்டிகளும் பிரித்த நாலைந்து நாளில் சாகின்றன. தீவனம் கூண்டு நிறைய இருக்கிறது.
— நகரி

பதில்: சண்டைக்குக் காரணம் வயது. முதிர்ந்த பின் ஜோடி சேர்க்கப் பார்க்கிறீர்கள். எட்டுப் பத்து வாரத்துக்குள், பருவம் வருமுன் ஒன்றாக விடுங்கள். ஒரு தடவை சேர்ந்தால் ஆயுசுக்கும் அதே ஜோடிதான். ஈன்றபின் ஆணை எடுத்துவிடாதீர்கள். குட்டிகளுக்குச் சூடு கொடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு, எடுத்தால் திரும்பச் சேர்ப்பதும் கஷ்டம். சினைக்காலம் 24–26 நாள். ஈன்ற கையோடு மறுபடி சினைப்படும். பால் கொடுத்துக்கொண்டிருந்தால் கரு பதிவது தள்ளிப்போய் 40 நாளையும் தாண்டலாம், பயப்பட வேண்டாம்.

குட்டிகள் சாவது தாகத்தால் என்றே தோன்றுகிறது. பாலைப் பிராணிக்குத் தண்ணீர் எதற்கு என்ற நினைப்பு பலருக்கு. உலர்ந்த பெல்லட் (குருணைத் தீவனம்) தின்னும் ஜெர்பிலுக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. 21 நாள் குட்டிக்குப் பெரியவற்றின் சிப்பர் குழாய் (தண்ணீர் பாட்டிலின் உறிஞ்சு குழாய்) எட்டாது. பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே குட்டிக்கு எட்டும் உயரத்தில் இரண்டாவது பாட்டில் மாட்டுங்கள். ஊறவைத்த பெல்லட்டைத் தரையில் சிறு தட்டில் வையுங்கள். பிரிப்பதை 25, 28 நாளுக்குத் தள்ளிப்போட்டாலும் நல்லதே. எதிர்த்திசைக் கோளாறும் ஒன்று உண்டு: ஜெர்பில் உமியைக் குவித்துக் குழாய் முனையை மூடிவிடும், உமி திரி போல் உறிஞ்சி ஒரே இரவில் பாட்டில் காலி, கூண்டு சேறு. தினமும் காலையில் குழாயடியில் இருக்கும் குவியலைத் தட்டிவிடுங்கள்.

கூண்டின் தரை 1200 சதுர செ.மீ.க்கும் உயரம் 18 செ.மீ.க்கும் குறையக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. நம் பக்கம் கிடைக்கும் எலிக் கூண்டுகள் பல உயரத்தில் இதற்குக் குறைவு. பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் விலங்குக்கு அது போதாது. மூலையிலேயே ஓயாமல் தோண்டிக்கொண்டிருந்தால், வெறும் மணல் கொடுத்து நிறுத்த முடியாது. 20 செ.மீ. குழாய் வழியாக நுழையும்படி ஓர் இருட்டுப் பெட்டியைக் குட்டிப் பருவத்திலிருந்தே கொடுங்கள். பிளாஸ்டிக் குழாயைக் கடித்துத் துகளாக்கும், மண்குழாய் நிற்கும்.

கேள்வி: இங்கே கடலைக்காட்டில் வெள்ளெலி நிறையக் கிடைக்கிறது. அதுவும் ஜெர்பில் இனம்தானே? பிடித்துவந்து ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா?
— கல்லூரி ஆசிரியர், குப்பம்

பதில்: கூடாது. உறவுதான், ஆனால் வேறு பேரினம்; எடையும் குணமும் வேறு, மங்கோலிய ஜெர்பிலுக்குக் கிடைத்த முடிவுகளோடு ஒப்பிட முடியாது. அதைவிட முக்கியம், வெள்ளெலி பிளேக் கிருமியைக் காட்டில் தாங்கி நிற்கும் விலங்கு. ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் மூன்றும் கூடும் உங்கள் பகுதியே பிளேக் கண்காணிப்பில் இருக்கும் பகுதி. தெள்ளோடு அதை விலங்கறைக்குள் கொண்டுவருவது விபரீதம். சட்டப்படியும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வில் பதிவு பெற்ற இனப்பெருக்க நிலையத்திடம்தான் வாங்க வேண்டும். அதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்க வேண்டும்.

வெளி எலி உள்ளே வராவிட்டாலும் அதன் புழுக்கை மில் உமி மூட்டையில் வரும். அதில் டைசர் நோய்க் கிருமி இருந்தால், மற்ற எலிகள் தாங்கினாலும் ஜெர்பில் கூட்டமாகச் சாகும். அறுத்தால் ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இந்தக் கிருமியின் ஸ்போர் (உறங்குநிலை வித்து) உமியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஸ்பிரிட்டுக்கு அசையாது. ஆட்டோகிளேவ் செய்யாத உமி ஒரு கைப்பிடிகூட உள்ளே போகக் கூடாது. தரைக்கும் கூண்டுக்கும் பிளீச்சிங் கரைசல் போடுங்கள்.

கேள்வி: கையில் எடுத்ததும் காதை மடக்கி, வெட்டிவெட்டி இழுத்து விறைத்துப் போகிறது. பென்சிலின் ஊசி போடலாமா?
— புத்தூர்

பதில்: இது வலிப்பு, கிருமி அல்ல, ஊசி வேண்டாம். இரண்டு மாத வயதில் தொடங்கும், பரம்பரையாக வரும். கீழே வைத்து, விளக்கைக் குறைத்து, தொடாமல் விடுங்கள். சில நிமிடத்தில் தெளியும். அந்த விலங்கை இனப்பெருக்கத்துக்கும் மூளை ஆய்வுக்கும் எடுக்காதீர்கள். குட்டிகளை முதல் மூன்று வாரத்திலேயே அடிக்கடி கையில் எடுத்துப் பழக்கினால் இது குறையும். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் அசிபுரோமசின் தவிருங்கள், அது வலிப்பைத் தூண்டும்.

பென்சிலின் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறோம். மாட்டுக்குப் போடும் பென்சிலின் ஊசிகள் பலவற்றில் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்திருக்கும். அது ஜெர்பிலின் தசையைச் செயலிழக்க வைத்துச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். குப்பியின் லேபிளைப் படிக்காமல் எதையும் ஊசியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஆண் ஜெர்பிலின் வயிற்று நடுவில் முடியில்லாமல், மஞ்சளாக, நீள்வட்டமாக ஒரு தடிப்பு. கட்டியா?
— வேலந்தாவளம்

பதில்: மணச்சுரப்பி. எல்லா ஆணுக்கும் இருக்கும், பெண்ணுக்குச் சிறிதாக இருக்கும். வயிற்றைத் தரையில் தேய்த்து எல்லை குறிக்க அது. வயதான விலங்கில் அதே இடம் புண்ணாகி, ஓரம் ஒழுங்கில்லாமல் வளர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.