பகுதி பகுதியாகக் கட்டிய ரொக்கத்துக்கு அறிக்கை வேண்டுமா?

வணக்கம். உங்கள் பங்குத் தரகு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வாடிக்கையாளர் ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று முறை தலா 4 லட்சம் ரூபாய் ரொக்கம் கட்டியிருப்பதாகவும், ஒவ்வொன்றும் 10 லட்சத்துக்குக் கீழே என்பதால் விட்டுவிடலாம் என்று கிளை மேலாளர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள்.

தரகர்கள் ரொக்கம் வாங்குவதையே, தங்கள் வங்கிக் கணக்கில் கட்டச் செய்வது உட்பட, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2018 ஜூலையில் தடை செய்துவிட்டது. ஆகவே அந்தத் தொகையை அவருடைய வர்த்தகக் கணக்கில் வரவு வைப்பதே தவறு.

அடுத்து, பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழான 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனித்தனியே 10 லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும் ஒன்றோடொன்று தொடர்புடைய ரொக்கப் பரிவர்த்தனைகளின் மாத மொத்தம் அந்த வரம்பைத் தாண்டினால், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். இங்கே மொத்தம் 12 லட்சம்.

இதைவிட முக்கியமானது சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை. அதற்குத் தொகை வரம்பே இல்லை. முயன்று கைவிட்ட பரிவர்த்தனைக்கும் அது பொருந்தும். வாடிக்கையாளர் அறிவித்திருக்கும் ஆண்டு வருமானத்தையும் மூன்று செலுத்துச் சீட்டுகளின் தேதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வரம்புக்குக் கீழே நிற்பதற்காகவே பிரித்துக் கட்டியிருப்பதாகத் தோன்றினால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

சீட்டு நகல்களுடன் உங்கள் நிறுவனத்தில் இந்தச் சட்டப் பணிக்கென நியமிக்கப்பட்டிருக்கும் முதன்மை அலுவலருக்கு இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். அறிக்கை அனுப்புவது அவருடைய பொறுப்பு. பணத்தை நீங்களாகவே ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அறிக்கை பற்றி வாடிக்கையாளரிடம் மூச்சு விடக் கூடாது, அதைச் சட்டம் தடுக்கிறது. அச்சப்படவும் வேண்டாம்: இவ்வாறு தகவல் அளிக்கும் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது.