பந்து கோட்டைத் தாண்டியதா?

கேள்வி: கோட்டைத் தாண்டுவதற்கு ஆங்கிலத்தில் 'கிராஸ்' என்ற ஒரு சொல் போதும். ஜெர்மனில் அதற்குச் சரியான ஒரே சொல் எது? வகுப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: 'சரியான ஒரே சொல்' கேட்டு வரும் கடிதங்களுக்கென்றே தனியாக ஒரு கோணிப்பை வைத்திருக்கிறேன். ஏன் ஐயா, நாம் மட்டும் ஒன்றோடு நிறுத்துகிறோமா? சாலையைக் கடக்கிறோம், வாய்க்காலைத் தாண்டுகிறோம், சட்டத்தை மீறுகிறோம். அவர்களும் அப்படித்தான். சாலைக்கு 'யூபர்க்வேரன்', வேக வரம்புக்கு 'யூபர்ஷ்ரைட்டன்', சட்டத்துக்கு 'யூபர்ட்ரேட்டன்'. நடுக்கோட்டின் மேல் காரை ஏற்றினால் 'யூபர்ஃபாரன்'. ஆள்மேல் ஏற்றினாலும் அதேதான், பார்த்துப் பேசுங்கள்.

இதைவிட வில்லங்கம் 'உம்ஃபாரன்'. 'ஃபா'வை அழுத்திச் சொன்னால் வழியில் நின்ற பாட்டியைக் காரில் சுற்றிக்கொண்டு போனீர்கள். 'உம்'மை அழுத்தினால் பாட்டியை இடித்துத் தள்ளிவிட்டீர்கள். போலீஸ்காரரிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது ஜலதோஷம் இருக்கக் கூடாது. 'யூபர்ஸெட்ஸன்' கதையும் இதுவே. அழுத்தம் முன்னால் விழுந்தால் படகில் அக்கரை சேர்ப்பது, பின்னால் விழுந்தால் மொழிபெயர்ப்பது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் பாதி ஆற்றிலேயே இறக்கி விட்டுவிடுகிறார்கள். யார் என்று கேட்காதீர்கள், போன தடவை சொல்லித்தான் மூன்று பேர் சந்தாவை நிறுத்தினார்கள்.

சரி, கோடு என்றீர்களே! 1966 ஜூலை 30, வெம்ப்ளி, கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கீழே குத்தி, வெளியே வந்தது. கோட்டைத் தாண்டியதா? நடுவர் போய்க் கோட்டோர நடுவர் பஹ்ரமோவைக் கேட்டார். அவர் தாண்டியது என்றார். மேற்கு ஜெர்மனி 4-2 என்று தோற்றது. கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழும் பந்துக்கு ஜெர்மானியர் இன்றும் 'வெம்ப்ளி கோல்' என்றுதான் சொல்கிறார்கள். சொல் பிறந்தால் இப்படி வயிற்றெரிச்சலில் பிறக்க வேண்டும், அகராதிக் குழுவில் அல்ல!

2010-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு நன்றாகவே உள்ளே விழுந்தது. கோல் கொடுக்கவில்லை. ஜெர்மனி 4-1 என்று ஜெயித்தது. எங்கள் மெய்ப்புப் பார்ப்பவர் இங்கிலாந்துக் கட்சி. அன்றிலிருந்து எனக்கு டீ வாங்கித் தருவதில்லை. இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். 4-1-ஐ அடித்தாலும் அடித்துவிடுவார்.

அப்புறம், உங்கள் சொல்: பந்துக்கு 'யூபர்க்வேரன்', 'யூபர்ஷ்ரைட்டன்' இரண்டும் நடக்கும்.