எல்லாம் ஆன்லைன்ல வந்தப்புறமும் ஜனங்க ஏன் இ-சேவை மையத்துல காத்துக் கிடக்கறாங்க?

நான் ரெண்டு வருஷம் தர்மபுரி பக்கம் ஒரு இ-சேவை மையத்துல ஆபரேட்டரா இருந்தேன், அங்க பாத்தத சொல்றேன். டவர் இல்ல, நெட் ஸ்லோ, அதெல்லாம் இருந்துச்சுதான், ஆனா நிறையப் பேர் மாட்டிக்கிட்டது ஓடிபியில. ஓடிபி வர்ற போன் அவங்க கையில இருக்காது.

ஒரு ஆயா வாரிசு சான்றுக்கு வந்தாங்க, புருஷன் பேர்ல இருந்த நிலத்துக்குப் பட்டா மாத்தணும். இறப்பு சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாத்தையும் மஞ்சப் பையில மடிப்புக் கலையாம வச்சிருந்தாங்க. கேன் நம்பர், அதாவது இ-சேவையில ஒவ்வொருத்தருக்கும் குடுக்கற பதிவு எண், அதப் போட்டா ஓடிபி திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்கற பேரனுக்குப் போகுது, ஏன்னா முன்ன ஒரு தடவ யாரோ அவன் நம்பரக் குடுத்துட்டாங்க. அவன் போன் ஷிப்ட் முடியற வரைக்கும் லாக்கர்ல. ஷிப்ட் முடியறப்போ மையம் மூடியிருக்கும். "நாளைக்கு வரட்டா கண்ணு"னு கேட்டுட்டுப் போயி மூணு நாள் வந்தாங்க. கடைசில அவன் ஒரு நாள் கூலிய விட்டுட்டு ரூம்ல உக்காந்து போன்ல ஓடிபி சொன்னான். அதுக்கப்புறம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு பைல் நகர்ற மெசேஜும் அவனுக்குத்தான் போச்சு, ஆயாவுக்கு ஒண்ணும் தெரியாது.

இது ஒரு ஆயா கதை மட்டும் இல்லைங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல, ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தினவங்க ஆம்பளைங்கள்ல 57.1 சதவீதம், பொண்ணுங்கள்ல 33.3, கிராமத்துப் பொண்ணுங்கள மட்டும் எடுத்தா 24.6தான். 2021 மே மாசம் 18லருந்து 44 வயசுக்காரங்களுக்குத் தடுப்பூசி ஆரம்பிச்சப்போ கோவின் வெப்சைட்ல பதிஞ்சாதான் ஊசினு வச்சு, அப்புறம் அதே மாசம் 24ஆம் தேதி அரசு மையங்கள்ல நேர்ல வந்தும் பதியலாம்னு தளர்த்தினாங்க. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் டிஜிட்டல் வசதி கிடைக்கறது அரசியல் சாசனத்தோட 21வது பிரிவுல வர்ற வாழ்வுரிமையில சேரும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, அது ஆசிட் வீச்சுல கண்ணு பாதிக்கப்பட்டவங்க கேமரா முன்னாடி கண் சிமிட்ட முடியாம கேஒய்சி, அதாவது பேங்க்ல ஆள சரிபாக்கற வேலை, நின்னு போயி போட்ட வழக்கு.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல பேப்பர்ல மனு வாங்கறாங்கல்ல, அதே மாதிரி விஏஓ ஆபீஸ்லயும் வாங்கி சீட்டு குடுத்தா என்ன? அது வர்ற வரைக்கும் உங்க வீட்டுப் பெரியவங்க ஆதார்லயும் கேன்லயும் யார் நம்பர் இருக்குனு இன்னைக்கே ஒரு தடவ பாத்துடுங்க.