பெல்லட் ஒரே அளவில் இருக்க என்ன கருவி வாங்கலாம்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறாள். குறி சிதறாமல் இருக்க, பெல்லட்டை (ஈயக் குண்டை) ஒரே அளவாக்கும் சைசர், அதன் தலையை, அதாவது முன்பக்கத்தை அளக்கும் கேஜ், மில்லிகிராம் தராசு மூன்றும் வேண்டும் என்கிறார்கள். எதை முதலில் வாங்கலாம்?"

இப்போதைக்கு மூன்றுமே வேண்டாம். அந்தப் பணத்துக்கு நாலைந்து வகை மேட்ச் பெல்லட், அதாவது போட்டிக்கான பெல்லட் வாங்குங்கள்.

தராசையே எடுத்துக்கொள்வோம். ரைஃபிள் பெல்லட் ஒன்றின் எடை சுமார் 0.53 கிராம். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால், பலகையைத் தொடுவதற்குள் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். எடை ஒரு சதவீதம் கூடினால் இறக்கமும் ஏறக்குறைய அதே ஒரு சதவீதம் கூடும், அதாவது 0.17 மில்லிமீட்டர். குறிப்பலகையில் 10.5 புள்ளிக்கும் 10.4 புள்ளிக்கும் இடையே உள்ள தூரமே 0.25 மில்லிமீட்டர்; இந்த இறக்கம் அதைவிடக் குறைவு. நல்ல டப்பாவில் எடை வித்தியாசம் அந்த ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். அதைப் பிரித்தறிய 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும்; 0.01 காட்டுவது உதவாது.

தலையின் அளவு அப்படியல்ல. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பார்கள். எது பொருந்தும் என்பதை உங்கள் மகளின் ரைஃபிள் பேரல்தான் (குழல்தான்) சொல்லும், கேஜ் சொல்லாது. ரைஃபிளை அசையாதபடி இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு வகையிலும் அட்டைக்குப் பத்து பெல்லட்டாக ஐந்து குறி அட்டைகள் சுட்டுப் பாருங்கள். ஓட்டையின் வெளி விளிம்புக்கு விளிம்பு அளந்து 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் உண்மையான சிதறல் கிடைக்கும். ஒரே ஒரு அட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதிர்ஷ்டத்தாலும் நல்ல அட்டை விழும். ஜெயித்த டப்பாவின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்ணை) குறித்துக்கொண்டு, அதே லாட்டில் முடிந்த மட்டும் வாங்கி வையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் குணம் மாறும்.

சைசர் பற்றிக் கறாராகவே சொல்கிறேன்: மேட்ச் பெல்லட்டுக்கு வேண்டவே வேண்டாம். பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை போல விரிந்த மெல்லிய ஈய விளிம்பு இருக்கிறதே, காற்றழுத்தத்தில் அது விரிந்து பேரலை அடைத்துக்கொள்வதால்தான் பெல்லட் சீராகப் போகிறது. சைசர் அதைத்தான் நசுக்கும்.

அதற்குப் பதில் ஒரு கண்ணாடித் துண்டு போதும். லேசாகச் சாய்த்து வைத்து பெல்லட்டை உருட்டுங்கள். நல்லது வளைந்து சீராக உருளும். விளிம்பு நசுங்கியது தத்தித் தத்திப் போகும். தத்துவதைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

அப்புறம், உங்கள் ஊர்க் காற்று. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. ஈரமும் உப்பும் ஓயாது. ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்தால் அந்த பெல்லட்டைப் போட்டிக்கு எடுக்காதீர்கள். டப்பாவை டேப் ஒட்டி, சிலிகா ஜெல் பையோடு இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். மர அலமாரி கூடாது. சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். பயிற்சி முடிந்ததும் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் சாப்பிடட்டும்.

டப்பாக்களைச் சோதித்து முடித்து, அவள் 10.4-ஐ விடாமல் பிடிக்கத் தொடங்கிய பிறகு தராசு வாங்குங்கள். கேஜ் அதற்கும் பிறகு.